வாத்து வேட்டைக்கு எத்தனை பேர் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இலையுதிர் காலம் பிறந்ததும் காட்டு வாத்துகளும் கூஸ் என்கிற பெருவாத்துகளும் தெற்கே இறங்கத் தொடங்கும். முதன்முறையாக வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கி, தோட்டா, நிஜ வாத்தை ஏமாற்றி இறக்க வைக்கும் பொம்மை வாத்து என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். எத்தனை பேர் போவது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. யார் யார் வருகிறேன் என்றார்களோ அத்தனை பேர், அவ்வளவுதான். விடிந்ததும் பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இங்கே சொல்லும் விதிகள் அமெரிக்க மத்திய அரசின் விதிகள். மாநிலத்துக்கு மாநிலம் இன்னும் இறுக்கமாக இருக்கலாம், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவது அங்கே குற்றம்.

சுற்றி வளைக்காமல் ஒரு எண் சொல்லுங்களேன்?

சின்னக் குட்டை, சதுப்பு ஓரம் என்றால் இரண்டு பேர். நல்ல மறைவிடம் இருந்தால் மூன்று. அறுவடை முடிந்த வயலில் கூஸ் வேட்டை என்றால் நான்கு முதல் ஆறு. இதற்கு மேல் ஒருவரைச் சேர்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். "அவனும் வர்றேன்னான்" என்பது காரணம் ஆகாது.

என்னைக் கேட்டால் முதலில் மறைவிடத்தைத்தான் எண்ண வேண்டும், அப்புறம்தான் நண்பர்களை. அந்த இடத்தில் எத்தனை உடல்களை முழுசாக மறைக்க முடியும், எத்தனை துப்பாக்கிகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் சுழல முடியும் என்று பாருங்கள். இரண்டில் எது சிறிய எண்ணோ அதுதான் குழுவின் அளவு.

ஓர் ஆள் கூடினால் வாத்துக்கு எப்படித் தெரியும்?

வாத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் கண்ணில் படுவது அசைவும் மினுங்கலும்தான். மல்லார்டு என்ற வாத்தினத்தின் கூட்டம் ஒன்று உங்கள் பொம்மைகளைப் பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நேராக வந்து இறங்காது. ஒரு சுற்று சுற்றும், சில நாள் இரண்டு மூன்று சுற்றும்கூட. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் தலைக்கு மேலாகப் போகும். அந்த நேரத்தில் தொப்பி விளிம்புக்குக் கீழே தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் அது நடக்கும். ஐந்து பேரில் ஒருவர் கட்டாயம் நிமிர்ந்து பார்ப்பார். நாணலுக்குள்ளிருந்து மேலே திரும்பும் முகம் காலை வெளிச்சத்தில் வெள்ளைத் தட்டு மாதிரி பளிச்சென்று தெரியும். மூன்றாவது சுற்றில் இறக்கையை விறைத்து, ஆரஞ்சுக் காலைத் தொங்கவிட்டு இறங்கிக்கொண்டிருந்த பறவை, அதைக் கண்டதும் இரண்டே இறக்கையடியில் மேலேறிவிடும்.

முகம் மட்டும் இல்லை. ஒருவர் கூடினால் ஒரு பை, ஒரு தண்ணீர்க் குடுவை, ஒரு தோட்டாப் பெட்டி கூடும். மறைவிடத்துக்கு வரும் வழியில் இன்னொரு வரிசை நாணல் மிதிபடும், சேறு கலங்கும். நடக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அந்த மிதிபட்ட தடம் நேராக உங்களிடம் வந்து முடிவது தெரியும். அப்புறம் பேச்சு. மூன்று பேர் வரை குசுகுசுப்பு, நான்கு பேரானால் அரட்டை.

பருவத்தின் தொடக்கத்தில் இளம் பறவைகள் அதிகம், கொஞ்சம் சமாளிக்கலாம். டிசம்பர், ஜனவரியில் வருகிற வாத்து வடக்கேயிருந்து வழிநெடுகச் சுடப்பட்டுப் பிழைத்து வந்தது. அதனிடம் ஐந்து பேர் போய் நின்றால் பொழுது வீண். பருவம் ஆக ஆகக் குழுவைச் சுருக்குங்கள்.

தனியாகப் போகலாமா?

மறைவது, அமைதி, இடம் மாறுவது என்று எல்லாவற்றுக்கும் தனியாள்தான் தோது. அனுபவசாலிகள் பலர் சின்னக் குட்டைகளுக்கு வேண்டுமென்றே தனியாகப் போவார்கள்.

ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. குளிர்நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார்கள். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு இது. முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அடுத்த 10 நிமிடம் வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். சுமார் 1 மணி நேரத்தில் குளிரால் நினைவு தப்பும். அந்த 10 நிமிடத்துக்குள் கரையேற யாராவது கை கொடுக்க வேண்டும். மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்த நிலையில், சேற்றுக்கரையில் தனியாக ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆகவே தனியாள் என்றால் முழங்கால் ஆழத் தண்ணீர், படகு வேண்டாம், மிதவைச் சட்டை கட்டாயம். எந்தக் குட்டை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். பெரிய ஏரி, ஓடும் ஆறு, உறைபனி என்றால் தனியாகப் போகவே வேண்டாம்.

இரண்டு பேரா, மூன்று பேரா?

தயக்கம் இருந்தால் இரண்டு.

இருவர் இருந்தால் ஒருவர் இடப்பக்க வானத்தையும் மற்றவர் வலப்பக்கத்தையும் பார்ப்பார்கள். ஜோடியாக வரும் வாத்தில் ஆளுக்கொன்று, பேசாமலே பிரிந்துவிடும். ஒருவர் விழுந்த பறவையை எடுக்கப் போனால் மற்றவர் அது விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கை காட்டலாம். நாணலுக்குள் அடிபட்டு விழுந்த வாத்து இருபது அடி தள்ளிப் போய்ப் பதுங்கும். குறி பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் கிடைக்காது.

மூன்றாவது ஆள் வந்ததும் நடுவில் ஒருவர் உட்கார வேண்டும். இருபுறமும் ஆள் இருப்பதால் அவர் எந்தப் பக்கமும் அதிகம் திரும்பக் கூடாது. எனவே மூவரில் நிதானமானவர் நடுவில். அவசரக்காரருக்கு ஓரம்.

நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்தால் யார் எங்கே சுடுவது?

கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நேர் முன்னால், பொம்மைகள் மிதக்கும் இடம் 12 மணி. இடது ஓரத்தில் இருப்பவருக்கு 10 முதல் 12. வலது ஓரத்துக்கு 12 முதல் 2. நடுவிலிருக்கும் இருவருக்கும் 11 முதல் 1 வரைதான். இந்த எல்லையைத் தாண்டிப் பறக்கும் பறவை உங்களுடையது இல்லை. பின்னால் போன பறவையை யாரும் திரும்பிச் சுடுவதில்லை, போனால் போகட்டும். இதை வண்டியிலிருந்து இறங்கும்போது ஒருமுறை, உட்கார்ந்த பிறகு, தோட்டா போடும் முன் இன்னொருமுறை சொல்லுங்கள். முன்பின் தெரிந்தவர்கள்தானே என்று விடாதீர்கள். விபத்தில் பெரும்பாலும் சுடுகிறவரும் அடிபடுகிறவரும் ஒரே குழுதான். மான் வேட்டையில் போடும் ஆரஞ்சு உடுப்பு இங்கே கிடையாது, எல்லோரும் நாணலோடு நாணலாக இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லோரும் ஒன்று உட்கார்ந்து சுட வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் எழுந்து சுட வேண்டும். கலக்கக் கூடாது. வயலில் ஒருவர் படுத்து மறையும் படுக்கை மறைவுகளில் இருந்தால் எழுந்து உட்கார்ந்து சுடுவதோடு சரி. ஒருவர் மட்டும் எழுந்து நின்றால் அவர் தலை பக்கத்து ஆளின் குறிக்கோட்டுக்குள் வந்துவிடும்.

காதையும் கவனியுங்கள். 12 கேஜ் (குழலின் அளவு) துப்பாக்கி வெடிச்சத்தம் 150 டெசிபெலுக்கு மேல் போகும். 140 தாண்டினாலே ஒரே வெடியில் காது கெடலாம். நெருக்கியடித்து உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் குழல் முனை உங்கள் காதுக்குச் சமமாக வந்து நிற்கும். குழல் முனை எப்போதும் எல்லோருடைய முகங்களுக்கும் முன்னால் இருக்கும்படி வரிசையை நேராக வையுங்கள். காதடைப்பும் போடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் துப்பாக்கியைச் சுழற்றுவது எளிது, இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். குழுவில் ஓர் இடக்கைக்காரர் இருந்தால் வலது ஓரத்தில் உட்கார வையுங்கள். அதோடு, பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் காலித் தோட்டாவை வலப்பக்கம் துப்பும். வலப்பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருப்பவரின் கன்னத்தில் சூடாக வந்து விழும்போது அவர் முகத்தை வெடுக்கென்று திருப்புவார், கையில் துப்பாக்கியோடு. இடைவெளி விட்டு உட்காரச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

காற்றுக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் பறவை நேர் எதிரே இறங்கும், நால்வருக்கும் சமமான வாய்ப்பு. காற்று பக்கவாட்டில் வீசினால் அது போகும் பக்கத்து ஓரத்தில் இருப்பவர் முன்னால்தான் முதலில் பறவை வரும். அவர் ஒருவரே சுட்டுக்கொண்டிருப்பார், மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கக் காற்று நாளில் இரண்டு பேர் போங்கள். ஏற்கெனவே நான்கு பேர் வந்துவிட்டீர்கள் என்றால் மணிக்கொரு தரம் இடம் மாறி உட்காருங்கள். மாறும் முன் எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டாவை எடுத்துவிட வேண்டும்.

"இப்போ!" என்று யார் சொல்வது?

ஒரே ஒருவர். அன்றைக்கு வாத்தை அழைக்கும் ஊதலை ஊதுகிறவரே சொன்னால் நல்லது, பறவையின் போக்கு அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லும்வரை துப்பாக்கி தோளுக்கு வரக் கூடாது.

முன்னால் வரும் ஒற்றை வாத்தைப் பார்த்ததும் ஓரத்து ஆள் டமார் என்று சுட்டுவிடுவார். பின்னால் இறங்கிக்கொண்டிருந்த பதினைந்து பறவை சிதறிப் போகும். ஆள் எண்ணிக்கை கூடக்கூட இந்தக் கைநடுக்கம் கூடும். மற்றவன் முந்திவிடுவானோ என்ற நினைப்புதான். மூன்று பேருக்கு மேல் போனால் ஒற்றையாக வரும் பறவைக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். இது உன்னுடையது, அடுத்தது என்னுடையது என்று இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஊதலும் அப்படித்தான். வாத்துக்கு ஒருவர் ஊதினால் போதும். நான்கு பேர் ஆளுக்கொரு ஊதலை எடுத்தால் சந்தைக்கடை ஆகிவிடும்.

கூஸ் வேட்டைக்கு ஆள் நிறைய வேண்டும் என்கிறார்களே?

சரிதான், ஆள் தேவைப்படுவது பெரும்பாலும் சுமை தூக்க. கனடா கூஸுக்கு வயலில் சில டஜன் பொம்மைகளாவது வைக்க வேண்டும். முழு உருவப் பொம்மை என்றால் இடத்தை அடைக்கும், இருட்டில் வண்டியிலிருந்து இறக்கி, முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, குடும்பம் குடும்பமாக நட வேண்டும். அப்புறம் படுக்கை மறைவு ஒவ்வொன்றிலும் அந்த வயலின் தாளையே செருகி மூட வேண்டும். இரண்டு பேர் இதைச் செய்தால் விடிந்துவிடும். நான்கு முதல் ஆறு பேர் இருந்தால் நிதானமாக முடியும்.

ஊதலிலும் இங்கே கணக்கு மாறுகிறது. கூஸ் கூட்டமாகச் சத்தம் போடும் பறவை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஊதினால் நிஜக் கூட்டம் மாதிரியே கேட்கும்.

ஸ்னோ கூஸ் தனிக் கதை. பல நூறு பொம்மைகள் இல்லாமல் அது திரும்பிக்கூடப் பார்க்காது. வட துருவத்து ஈரநிலங்களை மேய்ந்தே அழிக்கும் அளவுக்கு அதன் எண்ணிக்கை பெருகியதால், 1999 முதல் வசந்த காலத்தில் தனி ஆணையின் கீழ் அதைச் சுட விடுகிறார்கள். அந்தக் காலத்தில் மின்னணு ஒலிக்கருவிக்கும் அனுமதி உண்டு, தோட்டா எண்ணிக்கைக்கும் தடை தளரும். ஆறு, எட்டு பேர் போவது அதிகம் இந்த வேட்டைக்குத்தான். எட்டைத் தாண்டினால் வரிசை நீண்டுபோய், இந்தக் கோடியில் சொல்வது அந்தக் கோடிக்குக் கேட்காது. என்னிடம் கேட்டால் ஆறோடு நிறுத்திக்கொள்வேன்.

தண்ணீர் நிற்கும் காட்டில், பெரிய ஏரியில் எப்படி?

ஆர்கன்சா மாநிலத்தின் காடுகளில் குளிர்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். கருவாலி மரங்களுக்கு நடுவே சின்னதாக வானம் தெரியும் ஓர் இடைவெளி, மல்லார்டு அதன் வழியே செங்குத்தாக இறங்கும். மறைவிடம் கட்டத் தேவையில்லை, ஆளுக்கொரு மரத்தின் பின்னால் நின்றால் போதும். மூன்று நான்கு பேருக்கு நல்ல இடம். காற்று இல்லாத நாளில் காலால் தண்ணீரை உதைத்து அலை எழுப்பி, பொம்மைகளுக்கு உயிர் கொடுக்க ஆள் வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இடைவெளியைச் சுற்றி வட்டமாக நிற்காதீர்கள். எதிரெதிரே நிற்கும்போது தாழ்வாக இறங்கிய பறவையைச் சுட்டால் குண்டு எதிர்மரத்து ஆளுக்குத்தான். எல்லோரும் ஒரே பக்கத்தில், ஒரே திசை பார்த்து.

மிச்சிகன் பக்கத்துப் பெரிய ஏரிகளில் ரெட்ஹெட், கேன்வாஸ்பேக், ஸ்காப் போன்ற முக்குளி வாத்துகளைத் தாழ்படகிலிருந்து சுடுவார்கள். நீர்மட்டத்துக்கு மேல் சில அங்குலமே தெரியும் தட்டையான படகு அது. அதில் ஒருவர், மிஞ்சினால் இருவர் படுத்திருப்பார்கள். மற்றவர்கள் பெரிய படகில் சில நூறு கெஜம் தள்ளி நின்று கண்காணிப்பார்கள், விழுந்த பறவையை எடுப்பார்கள், பிறகு முறை மாறும். அதாவது குழு நான்கு பேர், துப்பாக்கி ஒன்றோ இரண்டோ. பெரிய படகில் ஆள் இல்லாமல் தாழ்படகில் படுப்பது தற்கொலைக்குச் சமம்.

படகில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் போட்டிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள், எடையைப் பாருங்கள். கனத்த உடுப்பு, துப்பாக்கி, தோட்டாப் பெட்டி, நங்கூரக் கயிற்றோடு பொம்மை மூட்டை, நனைந்த நாய் எல்லாம் அந்த எடைக்குள் அடங்க வேண்டும். மூன்று பேர் என்று எழுதிய படகில் வேட்டைக்கு இரண்டு பேர்தான் போக முடியும். மூன்றாவது ஆளை இரண்டாம் நடையில் கூட்டி வாருங்கள்.

மோட்டார் ஓடும்போது படகிலிருந்து சுடக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, படகின் ஓட்டமும் அடங்கிய பிறகே சுடலாம் என்பது மத்திய விதி.

ஆள் கூடினால் பறவையும் கூடுமே?

காகிதத்தில் கூடும். பறவைகள் வலசை போகும் நான்கு பாதைகளாக நாட்டைப் பிரித்திருக்கிறார்கள். அட்லாண்டிக், மிசிசிப்பி, மத்திய வலசைப் பாதைகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 வாத்து, பசிபிக் பாதையில் 7. இரண்டு பேருக்கு 12, ஆறு பேருக்கு 36. ஆனால் 12 வாத்து உங்கள் குட்டைக்கு வந்து இறங்குவது நல்ல நாளில் நடக்கக்கூடியது. 36 வேண்டுமென்றால் அதற்கேற்ற வயலும் கூட்டமும் வேண்டும். பெரும்பாலான காலைகளில் ஆறு பேர் சேர்ந்து, இரண்டு பேர் எடுக்கக்கூடிய பறவையைத்தான் எடுப்பார்கள்.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, புதியவர்கள் அதில்தான் மாட்டுவார்கள். அளவு ஆளுக்குத்தான், குழுவுக்கு இல்லை. நீங்கள் உங்கள் ஆறையும் சுட்டாயிற்று, நண்பர் இரண்டில் நிற்கிறார். அவருக்காக இன்னும் நான்கு நீங்கள் சுட்டுக் கொடுக்கலாமா? கூடாது. உங்கள் கணக்கு முடிந்ததும் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு ஊதலைப் பிடியுங்கள், அல்லது நாயோடு போங்கள்.

ஆறுக்குள்ளும் உட்கணக்கு உண்டு. உதாரணமாக மிசிசிப்பிப் பாதையில் மல்லார்டு 4, அதில் பெட்டை 2 மட்டும் என்று பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. நான்கு பேர் ஒரே கூட்டத்தில் சுட்டு ஏழு பறவை விழுந்தால் அதில் யார் பெட்டையைச் சுட்டது? இந்தக் கேள்விக்கு அந்த நிமிடமே பதில் தெரிய வேண்டும். அதனால் பறவையைக் குவியலாகப் போடாதீர்கள். பறவையைக் கோத்துத் தொங்கவிட ஆளுக்கொரு வார், அவரவர் பறவை அவரவர் வாரில். உங்கள் பறவையை இன்னொருவரிடம் கொடுத்தனுப்பினால் உங்கள் கையெழுத்து, முகவரி, எந்த இனம் எத்தனை, சுட்ட தேதி எழுதிய சீட்டு அதில் இருக்க வேண்டும். ஒரே வண்டியில் போகிறோம், ஒரே வீட்டில் வைக்கிறோம் என்பதெல்லாம் அதிகாரியிடம் எடுபடாது.

இன்னொன்று. துப்பாக்கியில் மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு வைத்திருக்க வேண்டும். ஆறு பேர் என்றால் 18 வெடி. ஒரு ஜோடி வாத்தின் மேல் 18 வெடி விழுந்தால் மிஞ்சுவது சமையலுக்கு உதவாது.

ஒரே வாத்தை இருவர் சுட்டால் யாருக்கு?

யாராவது ஒருவர் கணக்கில் கட்டாயம் ஏற வேண்டும். சண்டை வேண்டாம் என்றால், சந்தேகம் வந்தால் இளையவருக்கு என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இடதுபக்க ஆள் இடதுபக்கப் பறவை, வலதுபக்க ஆள் வலதுபக்கப் பறவை என்று பழகினால் இந்தக் கேள்வியே அதிகம் வராது.

அடிபட்டுத் தப்பும் பறவையைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்வதும் சட்டம்தான். ஒரே நேரத்தில் நான்கு பறவை விழுந்தால் இரண்டின் இடம் நினைவில் இருக்கும், இரண்டு மறந்துபோகும். சுட்ட ஒவ்வொருவரும் தன் பறவை விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், அடுத்த கூட்டம் வந்தாலும் சரி.

முதல்முறை வருகிறவர், சிறுவர் இருந்தால்?

ஒரு புதியவருக்கு ஓர் அனுபவசாலி. அந்த அனுபவசாலி கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. பாதி நேரம் வானத்தையும் பாதி நேரம் பையனையும் பார்க்க யாராலும் முடியாது. புதியவரை ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்தில் ஆசான். முதல் சில முறை ஒரே ஒரு தோட்டா. மொத்தக் குழு மூன்று பேரைத் தாண்டாமல் இருந்தால் அவருக்கும் பதற்றம் இருக்காது.

மாநிலங்கள் இளையோருக்கென்று தனி வாத்து வேட்டை நாட்கள் விடுகின்றன. மத்திய வரம்புப்படி 17 வயது வரை, கூட 18 வயது நிறைந்த பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் வாத்து சுடக் கூடாது. அந்த நாளை விட நல்ல தொடக்கம் கிடைக்காது.

குழுவாகப் போனால் அனுமதிச் சீட்டும் ஒன்று போதுமா?

போதாது. மாநில உரிமம், வலசைப் பறவை வேட்டைப் பதிவு எல்லாம் ஆளுக்கு ஆள் தனி. 16 வயது ஆனவர்கள் 25 டாலர் மத்திய வாத்து முத்திரையும் வைத்திருக்க வேண்டும், 1934 இல் தொடங்கிய முத்திரை அது. தோட்டாவில் ஈயம் கூடாது, 1991 முதல் நாடு முழுக்கத் தடை. குழுவில் ஒருவர் பையில் பழைய ஈயத் தோட்டா கிடந்தால் விசாரணை எல்லோரையும் சுற்றி வரும். கிளம்பும் முன் எல்லோர் பையையும் ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

அரசு நிலங்களில் ஒரு மறைவிடத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைப்பது வழக்கம், அதைப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு பார்த்தால் வாசலில் ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

கடைசி நேரத்தில் ஐந்தாவது ஆள் வருகிறேன் என்றால் எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டியதில்லை, பிரித்துவிடுங்கள். மூன்று பேர் ஒரு குட்டை, இரண்டு பேர் வேறு குட்டை. நடுவில் குறைந்தது 400, 500 கெஜமாவது இருக்கட்டும், மேடு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. இரும்புக் குண்டு 35, 40 கெஜம் வரைதான் வாத்தை ஒழுங்காக வீழ்த்தும், ஆனால் 200 கெஜம் தாண்டியும் போய் விழும். அதில் ஒன்று ஒருவர் கண்ணில் பாய்ந்தால் போதும், ஆபத்துதான். ஒரு குழு கிளப்பிவிடும் பறவை இன்னொரு குழுவிடம் போவதும் உண்டு, அதனால் இரண்டாகப் பிரிவது பல நாள் லாபமாகவே முடியும்.

இடம் ஒன்றே ஒன்றுதான் என்றால் நான்கு துப்பாக்கி மட்டும் போகட்டும். ஐந்தாவது ஆள் கேமராவோடு பின்னால் உட்காரலாம், ஒரு மணிக்கொரு தரம் மாறிக்கொள்ளலாம். அதற்கு ஒப்புக்கொள்ளாதவர் என்றால் அடுத்த வாரம் வரட்டும். பனி நாளில் அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பியும் முகம் சுளிக்காதவர், சொன்ன இடத்தில் உட்காருகிறவர், பறவை இல்லாத நாளிலும் பொம்மைகளைப் பொறுக்கக் கடைசிவரை நிற்கிறவர் என்று இரண்டு பேர் அமைந்தால் மேலே தேட வேண்டாம்.

வழிகாட்டி வைத்துப் போனால் ஆறு பேர் சேரச் சொல்கிறார்களே?

செலவைப் பங்கு போடத்தான். வயலில் கட்டிய நிரந்தர மறைவிடம், தரைக்குள் புதைத்த குழிமறைவு என்றால் நான்கு முதல் ஆறு பேர் வசதியாக உட்காரலாம், அங்கே ஆள் கூடுவதில் தப்பில்லை. பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். மறைவிடத்தில் எத்தனை பேர், வழிகாட்டியும் சுடுவாரா, தெரியாதவர்களோடு சேர்த்து உட்கார வைப்பார்களா. முன்பின் தெரியாத இருவர் துப்பாக்கியோடு பக்கத்தில் உட்காருவது எனக்குச் சரிப்படாது. நான்கு பேராகவே முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் அதிகம் கட்டுவேன்.

நாயை ஓர் ஆளாகக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும். லாப்ரடார் ஒன்றுக்கு ஓர் ஆளின் இடம் தேவை. ஓரத்தில், குழல் முனைகளுக்குப் பின்னால், தண்ணீருக்குள் குதிக்க வழி இருக்கும்படி உட்கார வையுங்கள். "இப்போ!" என்றதும் நாயும் பாயும், அதனால் தாழ்வாகப் பறக்கும் பறவையையும் தண்ணீரில் கிடக்கும் பறவையையும் அது வெளியே இருக்கும்போது யாரும் சுடக் கூடாது. நாய் சொன்னபடி உட்காராது என்றால் வீட்டில் விட்டுவிட்டு, அந்த இடத்தில் இன்னொருவரைக் கூட்டிப் போங்கள். இரண்டு நாய் வேண்டாம்.